தோற்பதற்கென அமைந்த எதிராளி: ‘சிவிலைசேஷன்’ விளையாட்டிற் கணனியின் ஆட்டத்திறன் பற்றிய ஒரு மதிப்பீடு

1

புதியதொரு கலைவடிவம் தோன்றும்போது அதனை வெறும் பொழுதுபோக்கென ஒதுக்கிவிடுவது கல்வியுலகின் பழைய வழக்கங்களுள் ஒன்றாகும். நாவல் தோன்றிய காலத்தில் அது இளைஞரைக் கெடுக்கும் வாசிப்பு எனப் பழிக்கப்பட்டது. சினிமாவோ சந்தைக் கேளிக்கை எனப்பட்டது. இன்று இவ்விரண்டும் பல்கலைக்கழகங்களில் ஆய்வுப்பொருள்களாக விளங்குகின்றன. கணனி விளையாட்டு இன்று அதே வாசலில் நிற்கின்றது. அதனை ஆராயப் புகுவோர் பெரும்பாலும் அதன் வன்முறையைப் பற்றியோ, அது மாணவரின் நேரத்தை விழுங்குவதைப் பற்றியோ பேசுவதோடு அமைந்துவிடுகின்றனர். விளையாட்டு என்ற வகையில் அது எவ்வாறு இயங்குகின்றது, அவ்வியக்கத்தில் எத்தகைய உலகநோக்குப் பொதிந்துள்ளது என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. கவிதையைப் பற்றி எழுதுவோன் யாப்பையும் படிமத்தையும் அறியாது எழுதுதல் தகாது. அதேபோல விளையாட்டைப் பற்றி எழுதுவோன் அதன் விதிகளையும் அதில் எதிரே இருந்து ஆடும் எதிராளியையும் அறியாது எழுதுதலும் தகாது.

இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் பொருள் அவ்வெதிராளியே. அமெரிக்கரான சிட் மையரும் புரூஸ் ஷெல்லியும் வடிவமைத்து 1991ஆம் ஆண்டு வெளிவந்த ‘சிவிலைசேஷன்’ என்னும் விளையாட்டு, கடந்த முப்பதாண்டுகளுக்கு மேலாகப் பல பதிப்புகளாக வளர்ந்துள்ளது. ஆடுவோன் ஒரு மக்களினத்தின் தலைமையை ஏற்று, கி. மு. 4000ஆம் ஆண்டிலிருந்து விண்வெளிப் பயணம் வரை அதனை நடத்திச் செல்கின்றான். நகரமைத்தல், உழவு, வணிகம், அறிவியல், போர், அரசுறவு ஆகிய யாவும் அவனது பொறுப்பு. ஏனைய இனங்களை வேறு மனிதரும் நடத்தலாம். எனினும் பெரும்பாலான ஆட்டங்களில் அவற்றைக் கணனியே நடத்துகின்றது.

முதலில் மேசைக் கணனிக்கென்றே இருந்த இவ்விளையாட்டை, தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் கொன்சோல் கருவிகளுக்கென முற்றிலும் புதிதாக அமைத்துத் தந்தது 2008ஆம் ஆண்டு பிராக்சிஸ் நிறுவனம் உருவாக்கிய ‘சிவிலைசேஷன் ரெவல்யூஷன்’ ஆகும். பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பொக்ஸ் 360 ஆகியவற்றிலும், கையடக்கமான நின்டெண்டோ டி. எஸ். கருவியிலும் அது வெளிவந்தது. பின்னர், 2016இல் மேசைக் கணனிக்கு வந்த ‘ஆறாம் சிவிலைசேஷன்’, 2018இல் நின்டெண்டோ சுவிச் கருவிக்கும், 2019இல் பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பொக்ஸ் வண் ஆகியவற்றுக்கும் சென்றது. 2025இல் வந்த ஏழாம் பதிப்பு, தொடக்கத்திலேயே இருவகைக் கருவிகளிலும் ஒருங்கே வெளியாயிற்று. இவற்றுள் முதலிரு விளையாட்டுகளே ஈண்டு ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

கணனி எதிராளி எவ்வளவு நன்றாக ஆடுகின்றது? விளையாட்டு மதிப்புரைகளில் இவ்வினா ஓயாது கேட்கப்படுகின்றது. ‘புத்திசாலி’, ‘மந்தபுத்தி’ என்னும் இரண்டிலொரு விடையும் அளிக்கப்படுகின்றது. அவ்விடைகள் போதாதவை. எதிராளியின் திறமையை அளப்பதற்கு முன்னர், அது யாருக்காக ஆடுகின்றது என்பதைத் தெளிதல் வேண்டும்.

2

கணனி நன்றாக ஆடமாட்டாது என்பது உண்மையன்று. 1997இல் ‘டீப் புளூ’ என்னும் இயந்திரம் உலகச் சதுரங்க வீரரான காரி கஸ்பரோவை மூன்றரைக்கு இரண்டரை என்ற புள்ளிக் கணக்கில் வென்றது. 2016இல் ‘அல்பாகோ’, தென்கொரிய வீரர் லீ செடோலைக் கோ விளையாட்டில் நான்குக்கு ஒன்று என வென்றது. 2019இல் ‘அல்பாஸ்ரார்’, ‘ஸ்ரார்கிராப்ட் 2’ என்னும் போர்த்தந்திர விளையாட்டில், தரப்படுத்தப்பட்ட மனித ஆட்டக்காரருள் 99.8 விழுக்காட்டினருக்கு மேலான நிலையை எட்டியது. ஆகவே இயந்திரம் மனிதனை வெல்லுமா என்பது இன்று எஞ்சியிருக்கும் வினாவன்று.

‘சிவிலைசேஷன்’ விளையாட்டைப் பொறுத்தும் இத்தகைய முயற்சி நடந்துள்ளது. மசாச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த எஸ். ஆர். கே. பிரணவன், ரெஜினா பார்சிலே ஆகியோர் டேவிட் சில்வருடன் இணைந்து 2011இல் வெளியிட்ட ஆய்வு குறிப்பிடத்தக்கது. இரண்டாம் சிவிலைசேஷனின் கைந்நூலை வாசித்து, அதிலுள்ள சொற்களுக்கும் ஆட்டத்தில் நிகழ்வனவற்றுக்கும் இடையிலான தொடர்பைத் தானே கற்றுக்கொள்ளும் நிரலொன்றை அவர்கள் அமைத்தனர். அந்நிரல், விளையாட்டோடு கூடவே வரும் கணனி எதிராளியை 78 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட ஆட்டங்களில் வென்றது. வாசிக்கத் தெரியாத அதே நிரலைவிட இது 27 விழுக்காட்டுப் புள்ளிகள் கூடுதலாகும். விற்பனைக்கு வரும் எதிராளி, அக்காலக் கணனியறிவின் எல்லையிலும் மிகத் தாழ்ந்த நிலையில் நின்றதென்பது இதனாற் புலனாகின்றது.

இத்தாழ்வுக்குப் பொருளியல் சார்ந்த காரணங்களும் தொழினுட்பம் சார்ந்த காரணங்களும் உண்டு. சதுரங்கத்தின் விதிகள் நூற்றாண்டுகளாக மாறாதவை. அதற்கு இயந்திரம் அமைப்போர் தலைமுறை தலைமுறையாக ஒரே பொருளைப் பற்றிச் சிந்திக்க முடிந்தது. சிவிலைசேஷனின் விதிகளோ பதிப்புக்குப் பதிப்பு மாறுவன. ஒரே பதிப்பினுள்ளும் வெளியீட்டுநாள் நெருங்கும் வரை மாறிக்கொண்டிருப்பன. விதி முடிவாகாதபோது அவ்விதிப்படி ஆடும் எதிராளியை முழுமையாக்குவது எங்ஙனம்? மேலும், சதுரங்கத்தில் ஒருமுறைக்கு ஒரு காயே நகர்கின்றது. இங்கோ ஒவ்வொரு சுற்றிலும் பல நகரங்கள், பல படையணிகள், பல உடன்படிக்கைகள் பற்றி முடிவெடுத்தல் வேண்டும். அவ்வளவையும், தொலைக்காட்சியின் முன்னே அமர்ந்திருப்பவன் பொறுமையிழக்குமுன் சிறு கருவியொன்று செய்து முடித்தல் வேண்டும். கண்ணுக்கு விருந்தாகும் காட்சிகள் விளம்பரத்தில் இடம்பெறத்தக்கன. எதிராளியின் நுண்ணறிவு படம்பிடித்துக் காட்டமுடியாதது. முதலீடு எப்பக்கம் சாயும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

எனினும் இக்காரணங்களோடு நின்றுவிடின் நாம் பாதித்தூரமே சென்றவராவோம். மூன்றாம் சிவிலைசேஷனின் எதிராளியை நிரலாக்கியவரும் நான்காம் பதிப்பின் தலைமை வடிவமைப்பாளருமான சோரன் ஜோன்சன், 2008ஆம் ஆண்டு விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டில் இப்பொருள் பற்றி ஆற்றிய உரைக்கு ‘தோற்பதற்கு ஆடுதல்’ என்னும் கருத்துடைய தலைப்பை இட்டார். வெல்வதற்கென்றே ஆடும் திறமையான எதிராளி ஒருவகை. ஆடுவோனுக்கு இன்பந்தரும் எதிராளி மற்றொருவகை. இரண்டும் வேறுவேறு என்பது அவரது வாதம். சதுரங்கம் முதல்வகையின் எல்லையில் உள்ளது. கதை தழுவிய விளையாட்டுகள் இரண்டாம் வகையின் எல்லையில் உள்ளன. சிவிலைசேஷன் இரண்டுக்கும் இடையிற் கிடந்து தத்தளிக்கின்றது. தொழிலறிந்தவரின் நேர்மையான கூற்று இது. எதிராளியின் பலவீனம் ஓரளவுக்குத் தெரிந்தே செய்யப்பட்ட தேர்வு என்பதை இது நமக்கு உணர்த்துகின்றது.

3

அத்தேர்வு எவ்வாறு நடைமுறைக்கு வருகின்றது என்பதை இனிப் பார்ப்போம். சிவிலைசேஷன் ரெவல்யூஷனில் ஐந்து கடினநிலைகள் உள்ளன. ஆறாம் சிவிலைசேஷனில் எட்டு உள்ளன. இரண்டிலும் மிக உயர்ந்த நிலைக்குத் தெய்வநிலை என்று பெயர். கடினநிலை உயர உயர எதிராளி மேலும் கூர்மையாகச் சிந்திக்கும் என்றே புதிதாக ஆடுவோன் எண்ணுவான். அவ்வாறு நிகழ்வதில்லை. கணனியின் சிந்தனைமுறை அடிப்படையில் அப்படியே இருக்கின்றது. அதற்கு அளிக்கப்படும் பொருள்வளமே கூடுகின்றது.

ஆறாம் சிவிலைசேஷனின் தெய்வநிலையை எடுத்துக்கொள்வோம். மனிதன் ஒரேயொரு குடியேற்றக் குழுவோடு ஆட்டத்தைத் தொடங்குகின்றான். கணனி எதிராளி ஒவ்வொன்றும் மூன்று குடியேற்றக் குழுக்களோடும் ஐந்து போர்வீரர் அணிகளோடும் தொடங்குகின்றது. உற்பத்தியிலும் பொன்னிலும் அதற்கு 80 விழுக்காடு மிகுதி. அறிவியலிலும் பண்பாட்டிலும் 32 விழுக்காடு மிகுதி. மோதலில் ஒவ்வோர் அணிக்கும் நான்கு புள்ளி மேலதிக வலு. எதிராளியின் அறிவை வளர்ப்பதற்குப் பதிலாக அதற்கு மானியம் வழங்கப்படுகின்றது எனலாம்.

இதன் விளைவு ஆட்டத்தின் போக்கிலே தெளிவாகப் புலப்படும். தொடக்கத்தில் எதிராளி பெருவலுவோடு தோன்றுகின்றது. அண்டைநாட்டின் ஐந்து அணிகளும் மனிதனின் ஒற்றை நகரை நோக்கி வரும்போது ஆபத்து மெய்யானதே. ஆயினும் அவ்வலையைத் தாங்கி நின்றவனுக்குப் பின்னர் அஞ்சுவதற்கு அதிகமில்லை. மதில் சூழ்ந்த நகரை முற்றுகையிடுவதிற் கணனி இடர்ப்படுகின்றது. முற்றுகைப் பொறிகளை உரிய வேளையிற் கொண்டுவருவதில்லை. வான்படை கிடைக்கும் காலத்திலும் அதனை முறையாகப் பயன்கொள்வதில்லை. நீண்டகாலம் ஆடியோர் பொதுவாக ஒப்புக்கொள்ளும் குறைகள் இவை. ஆகவே ஆட்டத்தின் வளைவு எப்போதும் ஒரே வடிவத்தைப் பெறுகின்றது. முதலிற் பின்தங்கிய மனிதன் இடையிலே சமமாகி ஈற்றில் எளிதாக முந்திவிடுகின்றான்.

சமமற்ற நிலையில் ஆடுவது இழிவு என்பது நமது வாதமன்று. நம் மக்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் ஆடுபுலி ஆட்டத்தை நினைத்துப் பார்க்கலாம். ஒருவனிடம் மூன்று புலிகள். மற்றவனிடம் பதினைந்து ஆடுகள். வலுவிலும் எண்ணிக்கையிலும் நோக்கத்திலும் இருதரப்பும் வேறானவை. ஆயினும் அந்த ஏற்றத்தாழ்வு நிலத்திற் கீறிய கோடுகளின்மேல் யாவரும் காணக் கிடக்கின்றது. ஆட்டைக் கொண்டு ஆடுபவன் புலியின் வலுவை அறிந்தே ஆடுகின்றான். ஆறாம் சிவிலைசேஷனில் மோதல்வலுவின் மிகுதி மாத்திரம் போர் நிகழும்போது திரையிற் காட்டப்படுகின்றது. உற்பத்திக்கும் அறிவியலுக்கும் உரிய மிகுதி ஆட்டத்தின் முகத்திலே காட்டப்படுவதில்லை. விளையாட்டின் கோப்புகளைத் துருவி ஆராய்ந்தவர்கள் வாயிலாகவே அது பரவலாக அறியப்பட்டது. ஏற்றத்தாழ்வு குறையன்று, அது மறைந்திருப்பதே குறை. அயல்நாடு ஏன் தன்னிலும் விரைந்து முன்னேறியது என்று வியக்கும் ஆட்டக்காரன், அதன் நிலத்தையும் அரசமைப்பையும் வணிகத்தையும் ஆராய்ந்து விடைகாண முயல்வானாயின் ஏமாற்றமே அடைவான். விடை அவ்வுலகினுள் இல்லை. அவ்வுலகிற்கு வெளியே எழுதப்பட்டதோர் எண்ணில் உள்ளது. வரலாற்றைக் காரணகாரியத் தொடர்பாகக் காட்ட முனையும் விளையாட்டொன்றுக்கு இது சிறிய குறையன்று.

4

மேலே கண்டது எதிராளியை வலுப்படுத்தும் மறைவான உபாயம். அதனை மென்மைப்படுத்தும் மறைவான உபாயமும் உண்டு. அதற்குச் சான்று தந்தவர் சிட் மையரே. 2010ஆம் ஆண்டு விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டின் தலைமையுரையில், சிவிலைசேஷன் ரெவல்யூஷனை உருவாக்கியபோது பெற்ற அனுபவத்தை அவர் விளக்கினார்.

அவ்விளையாட்டில் இரு படைகள் மோதுமுன் அவற்றின் வலு எண்களாற் காட்டப்படுகின்றது. மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் தாக்குவோன், கணக்கின்படி நான்கு முறைக்கு ஒருமுறை தோற்றாக வேண்டும். சோதனையாக ஆடியவர்கள் அவ்வாறு தோற்றபோது விளையாட்டு பிழையென முறையிட்டனர். அதே மனிதர், தாம் ஒன்றுக்கு மூன்று என்ற தாழ்ந்த நிலையில் நின்று வென்றபோது அதனைத் தம் திறமைக்குரிய பரிசாகவே ஏற்றுக்கொண்டனர். இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் அடுத்தடுத்துத் தோற்பதையும் அவர்கள் பொறுக்கவில்லை. இருபதுக்குப் பத்து என்பதும் இரண்டுக்கு ஒன்று என்பதும் ஒரே விகிதமாயினும், பெரிய எண்ணைக் கண்டவர் வெற்றி உறுதியென்று எண்ணினர். ஈற்றிற் கணக்கே ஆடுவோனின் மனவுணர்வுக்கு ஏற்பத் திருத்தப்பட்டது. மூன்று மடங்கு வலுவுடையோன் வெல்லும்படி செய்யப்பட்டது. முன்னைய மோதலின் முடிவும் அடுத்த மோதலின்போது கணக்கிற் கொள்ளப்பட்டது.

ஆடுவோனுக்கும் வடிவமைப்பாளனுக்கும் இடையில் ஒருவகைக் கூட்டுறவு நிலவுகின்றது என்பது மையரின் விளக்கம். ஆடுவோன் தன் ஐயத்தைத் துறக்கின்றான். வடிவமைப்பாளன் அவனைத் திறமைசாலியென உணரச் செய்கின்றான். இதில் உளவியல் உண்மை உண்டென்பதை மறுப்பதற்கில்லை. எனினும், இக்கூட்டுறவில் இடம்பெறாத மூன்றாவது தரப்பு ஒன்று உள்ளது. அதுவே எதிராளி. ஏமாற்றமடைய அதற்கு மனமில்லை. முறையிட அதற்கு வாயில்லை. ஆகவே நீதியின் தராசு சாயும்போது யாரும் எதிர்ப்புக் காட்டுவதில்லை. இங்கு வெளிப்படுவது நுகர்பொருளின் இயல்பு. பணங்கொடுத்து வாங்கியவன் மனங்கோணலாகாது என்பதே அதன் முதல் விதி. ஏனைய விதிகள் யாவும் அதற்குக் கீழ்ப்பட்டவை.

இவ்விரு உபாயங்களையும் சேர்த்து நோக்கும்போது நமது தொடக்க வினாவுக்கு ஒருவகை விடை கிடைக்கின்றது. மேல்நிலையில் மறைவான மானியம். மோதலில் மறைவான சலுகை. இவற்றுக்கிடையே கணனி எவ்வளவு நன்றாக ஆடுகின்றது என்று அளப்பதற்கு உறுதியான தளமே இல்லாது போகின்றது. வென்றவன் தன் திறமையால் வென்றானா என்பதும் தெளிவில்லை. தோற்றவன் தன் பிழையால் தோற்றானா என்பதும் தெளிவில்லை.

5

விளையாட்டின் எதிராளியைச் சதுரங்க வீரனாகக் கொள்ளாது நாடகப் பாத்திரமாகக் கொள்ளல் வேண்டும் என வாதிடுவோர் உளர். அவ்வாதம் ஆராயத்தக்கது. நாட்டுக்கூத்திலே துரியோதனன் ஈற்றில் வீழ்வான் என்பதைக் களரியைச் சூழ்ந்திருக்கும் யாவரும் அறிவர். அதனாற் கூத்தின் சுவை குன்றுவதில்லை. எனினும் துரியோதன வேடந்தாங்குபவன், தான் வீழப்போவதை எண்ணித் தளர்ந்து ஆடினால் அவையோர் அவனை மதிப்பதில்லை. தனக்கென ஒரு நியாயமும் வஞ்சினமும் உடையவனாக, முழுவலுவோடு ஆடும்போதே அவன் வீழ்ச்சிக்குப் பொருள் ஏற்படுகின்றது. தோற்கும் பாத்திரத்துக்கும் உயிர் வேண்டும். நாடகமாகக் கொண்டாலும் நாம் கேட்க வேண்டியது, இவ்விளையாட்டுகள் தம் எதிராளிகளுக்கு அவ்வுயிரைத் தந்தனவா என்பதையே.

சிவிலைசேஷன் ரெவல்யூஷனிற் பதினாறு இனங்கள் உள்ளன. ஓர் ஆட்டத்தில் மனிதனோடு ஐந்து இனங்கள் பங்குகொள்கின்றன. எதிராளிகள் சலாதீன், சாக்கா, காந்தி முதலிய வரலாற்று மாந்தரின் உருவில் திரையிலே தோன்றி, அச்சுறுத்திப் பொன்னோ தொழினுட்பமோ கேட்கின்றனர். அவர்கள் பேசும் மொழி எந்த மொழியுமன்று. பொருளற்ற ஒலிகளின் கோவையே. கேலிச்சித்திரப் பாணிக்கு அது பொருந்துமெனினும், எதிரே நிற்பவனுக்குச் சொந்தமாகச் சொல்ல ஒன்றுமில்லை என்னும் நிலைமைக்கு அது தற்செயலான குறியீடாகவும் அமைந்துவிடுகின்றது.

ஆறாம் சிவிலைசேஷன் இவ்வகையில் ஒரு படி முன்னேறியது என்றே கூறல் வேண்டும். அதில் எதிராளிகள் தத்தம் மொழிகளில் பேசுகின்றனர். ஒவ்வொருவருக்கும் வெளிப்படையான ஒரு கொள்கை தரப்பட்டுள்ளது. உலக அதிசயங்களை அமைப்பதிற் போட்டியிடுவோரைச் சீனத்தின் சின் சீ குவாங் வெறுக்கின்றான். படைவலு குன்றியோரைக் கிளியோபாத்திரா இகழ்கின்றாள். ஆடுவோன் எதிராளியின் கோபத்துக்குக் காரணம் அறியக்கூடியதாக இருப்பது நல்லதே. ஆயினும் யதார்த்த இலக்கியம் பற்றிப் பேசும்போது நாம் வகைமாதிரிப் பாத்திரம் என்று கூறுவதற்கும், ஒரு குணத்தின் பொம்மை என்று கூறுவதற்கும் இடையே பெரும் வேறுபாடு உண்டு. வகைமாதிரிப் பாத்திரம் சூழலோடு மோதி மாறுகின்றது. இத்தலைவர்களோ ஆறாயிரம் ஆண்டுகள் கடந்தும் அதே ஒரு விருப்பையும் அதே ஒரு வெறுப்பையும் திருப்பித் திருப்பிச் சொல்கின்றனர்.

காந்தியைப் பற்றிய ஒரு செய்தி இங்கு நினைவுகூரத்தக்கது. முதற் சிவிலைசேஷனில் எண்கணக்கிலே நேர்ந்த வழுவொன்றினால் அமைதியின் உருவான காந்தி அணுகுண்டு வீசும் வெறியராக மாறினார் என்றொரு கதை பல்லாண்டுகள் உலகெங்கும் பரவியிருந்தது. அத்தகைய வழு இருந்ததில்லை என்று சிட் மையர் 2020இல் வெளியிட்ட தம் நினைவுக்குறிப்பு நூலிலே தெளிவுபடுத்தினார். 2010இல் வந்த ஐந்தாம் பதிப்பில் காந்தியின் அணுகுண்டு நாட்டத்துக்கு மிக உயர்ந்த எண் இடப்பட்டது உண்மையே. ஆனால் அது பகிடிக்காகச் செய்யப்பட்டது. இக்கதை ஏன் இவ்வளவு எளிதில் நம்பப்பட்டது என்பதே நமக்கு முக்கியமானது. ஆடுவோர் எதிராளியினுள்ளே ஒரு மனத்தைத் தேடுகின்றனர். அங்கு மனம் இல்லாதபோது ஒரு வழுவையாவது கண்டு அதனை மனமாகக் கற்பித்துக்கொள்கின்றனர்.

6

எதிராளியின் குறை திறமையின்மை மாத்திரமன்று என்பது இப்போது ஓரளவு தெளிவாகியிருக்கும். அதற்கெனச் சொந்தமான நோக்கம் இல்லை என்பதே அடிப்படைக் குறை. சிவிலைசேஷன் ரெவல்யூஷனில் வெற்றிக்கு வழிகள் நான்கு: எதிரிகளின் தலைநகர்களைக் கைப்பற்றல், விண்கலத்தை ஏவி இலக்கை அடைதல், பண்பாட்டுப் பெருமை ஈட்டி ஐக்கிய நாடுகள் அவையைக் கட்டல், 20,000 பொன் திரட்டி உலக வங்கியை நிறுவல். எந்த இனமாயினும், எந்த நிலத்திற் பிறந்ததாயினும், இந்நான்கனுள் ஒன்றையே நாடியாக வேண்டும். இவற்றுக்கு வெளியே வாழும் மக்களைக் காட்டுமிராண்டிகள் என விளையாட்டு பெயரிடுகின்றது. அவர்களது ஊரை அழித்தால் பொன் கிடைக்கும்.

இவ்வகை விளையாட்டுகளுக்கு 1993இல் அமெரிக்க எழுத்தாளர் அலன் எம்ரிச் இட்ட பெயர், நான்கு வினைச்சொற்களாலானது. அவற்றின் பொருள் தேடு, விரி, சுரண்டு, அழி என்பதாகும். சுரண்டல் என்ற சொல் இவ்வளவு வெளிப்படையாக ஒரு கலைவடிவத்தின் பெயரில் இடம்பெற்றமை வேறெங்கும் காண்டற்கரியது. எம்ரிச் அதனை ஒரு வகைப்பாட்டின் பொருட்டே கூறினார். ஆயினும் அச்சொற்கள் எல்லா மக்களுக்கும் பொதுவான வரலாற்று விதியைப்போல் எதிராளிகளின் நிரலுக்குள்ளும் எழுதப்பட்டுவிட்டன.

இதற்கெதிரான குரல் ஆய்வுமேடையிலிருந்து எழவில்லை, மக்களிடமிருந்தே எழுந்தது. 2018இல் ஆறாம் சிவிலைசேஷனின் விரிவுப் பதிப்பொன்றிற் கனடாவின் ஆதிக்குடிகளான கிரீ மக்கள், பவுண்ட்மேக்கர் என்னும் தலைவரோடு சேர்க்கப்பட்டனர். அம்மக்களின் பிரதிநிதிகளுள் ஒருவரான மில்டன் டூட்டூசிஸ் இதனைக் கண்டித்தார். பிற மக்களை வென்று நிலத்தைக் கைப்பற்றும் குடியேற்றவாத நோக்கம் தம் முன்னோருக்கும் இருந்தது என்னும் பொய்யை இவ்விளையாட்டு நிலைநிறுத்துகின்றது என்பது அவரது குற்றச்சாட்டின் சாரம். 1885ஆம் ஆண்டு கட் நைவ் மோதலிற் பின்வாங்கிச் சென்ற அரசபடையைத் துரத்திக் கொல்லாதபடி தம் வீரரைத் தடுத்தவர் பவுண்ட்மேக்கர். அதன்பின்னரும் அவர் அரசத்துரோகக் குற்றத்துக்காகச் சிறையிடப்பட்டார். 2019இலேயே கனடிய அரசு அவரைக் குற்றமற்றவர் எனப் பிரகடனஞ் செய்தது. விளையாட்டில் அவருக்கு நட்புறவுகளை நாடும் கொள்கை தரப்பட்டுள்ளது என்பதையும் நேர்மையாகக் குறிப்பிடல் வேண்டும். எனினும் அந்நட்புறவும் ஈற்றில் அதே வெற்றிப் பட்டியலை நோக்கிய கருவியே.

பவுண்ட்மேக்கரின் பெயரில் ஆடும் கணனி நகரை முற்றுகையிடத் தெரியாமல் தடுமாறும்போது, நாம் அதனை மோசமான ஆட்டம் என்கின்றோம். யாருடைய ஆட்டத்தில் மோசம்? அம்மக்கள் ஒருபோதும் தேர்ந்துகொள்ளாத ஓர் ஓட்டப்பந்தயத்தில் அவர்களை நிறுத்தி, அவர்கள் பின்தங்குவதைக் கண்டு மகிழும் நிலையே இங்கு உள்ளது. பிறர்க்கெனத் தனிநோக்கம் இல்லை. என்னுடைய நோக்கமே அவர்க்கும் உண்டு. அதிலும் அவர் என்னிலும் தாழ்ந்தவர். இந்த மும்முனை முடிபு குடியேற்றவாத வரலாற்றெழுத்தை அறிந்தோருக்குப் புதியதன்று. சொல்லில் அன்றி விதிகளிலும் எண்களிலும் அது மறுபிறப்பு எடுத்துள்ளது என்பதே புதிது.

7

இவ்வளவும் கூறியபின், இவ்விளையாட்டுகளை நிராகரிப்பதே முடிபு என்று கருதலாகாது. காரணத்தையும் விளைவையும் பன்முக நோக்கில் ஒருங்கே சிந்திக்கச் செய்யும் ஆற்றல் இவ்வடிவத்துக்கு உண்டு. பள்ளிப் பாடநூலில் அரசர் பெயர்களின் பட்டியலாகக் கிடந்த வரலாற்றை, உணவும் உலோகமும் வழித்தடங்களும் எழுத்தறிவும் ஒன்றையொன்று பாதிக்கும் இயக்கமாகக் காட்டியது இதன் சாதனை. சில மணி நேரத்துள் ஓர் ஆட்டத்தை முடித்து, பின்விளைவுகளைக் கண்முன்னே காணும் வாய்ப்பைச் சாதாரண வீட்டின் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்த வகையில் சிவிலைசேஷன் ரெவல்யூஷனுக்குச் சிறப்பிடம் உண்டு.

வெல்லவே முடியாத எதிராளியை அமைப்பதும் தீர்வன்று. அல்பாகோவைப் போன்ற எதிராளியிடம் ஆயிரம் முறை தோற்பதில் எந்தக் கற்கையும் இல்லை; இன்பமும் இல்லை. ஜோன்சன் எடுத்துக்காட்டிய இடர்ப்பாடு மெய்யானதே. ஆனால் திறமையா, இன்பமா என்று அவர் வகுத்த இருபாற்பிரிவுக்கு அப்பால் மூன்றாவது அளவுகோல் ஒன்று வேண்டும். நேர்மை என்று அதனைக் கூறலாம். எதிராளிக்கு மிகுதியான வளம் தரப்படின் அது ஆடுபுலி ஆட்டத்திற்போல் ஆட்டத்தின் முகத்திலே தெரிதல் வேண்டும். மோதலின் கணக்கு காட்டப்பட்டபடியே நிகழ்தல் வேண்டும். தோல்வியைத் தாங்கும் பக்குவம் ஆடுவோனுக்கு இல்லையென்று முன்கூட்டியே முடிவுசெய்வது அவனை மதிப்பதாகாது. இவற்றினும் மேலாக, ஒவ்வோர் எதிராளிக்கும் தனக்கே உரிய நோக்கமும், அந்நோக்கம் நிறைவேறினாற் கிடைக்கும் தனக்கே உரிய வெற்றியும் இருத்தல் வேண்டும். தன் நிலத்தையும் மொழியையும் ஆற்றையும் காத்து நிற்பதே வெற்றியெனக் கொள்ளும் மக்களினமொன்று அவ்வுலகில் இடம்பெறுமாயின், அதனை எதிர்கொள்ளும் ஆட்டக்காரனின் சிந்தனையும் வேறாகும். அதனை அழித்துத்தான் முன்னேற வேண்டுமா என்ற வினா அப்போதுதான் அவனுக்கு எழும்.

விதிகளை எழுதுவோர் ஒரு சிறு குழுவினர். அவ்விதிகளின்படி உலகைக் கற்பனை செய்வோரோ எண்ணற்ற இளைஞர். எதிராளியை எழுதுவது வெறும் நிரலாக்க வேலையாக நின்றுவிடாமல் பிறனைப் பற்றிய ஒரு கருத்தைப் பரப்பும் வேலையாகவும் அமைகின்றமைக்கு இதுவே காரணம். ஆகவே விளையாட்டு மதிப்புரைகள் இனிமேல் எதிராளி எவ்வளவு கடினமானது என்பதோடு நில்லாது, அது எதனால் வலுப்பெற்றது, எதனை நாடி ஆடுகின்றது, எவ்வாறு தோற்கின்றது என்னும் மூன்றையும் ஆராய்தல் வேண்டும். இலக்கியத் திறனாய்விற் பயின்றோர் இத்துறைக்கு அளிக்கக்கூடிய பணியும் அதுவே. தோற்றவர் பக்கத்திலிருந்து வரலாற்றை வாசிக்கும் பயிற்சி நம்மிடம் ஏற்கெனவே உண்டு. அப்பயிற்சியை இப்புதிய வடிவத்தின்மீதும் செலுத்துதல் காலத்தின் தேவையாகும்.